இருநூறு கிராமின் கணக்கு: ஓர் உயர்விலை கோல்ஃப் டிரைவரை மதிப்பிடுவது எப்படி?

கோல்ஃப் ஆட்டத்தில் பெரும்பாலான குழிகளின் தொடக்கத்தில், டீ எனப்படும் சிறு முளையின் மேல் பந்தை வைத்து, அதை இயன்ற அளவு தொலைவுக்கு அனுப்புவதற்கென்றே அமைந்த மட்டை டிரைவர் எனப்படும். ஓர் ஆட்டக்காரர் தம் பையில் வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கும் 14 மட்டைகளுள் இதுவே பெரும்பாலும் மிக நீளமானது. இதன் தலையே மிகப் பெரியது. விலையிலும் இதுவே பிறவற்றை விஞ்சி நிற்பது வழக்கம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் உள்ள கார்ல்ஸ்பாடு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டெய்லர்மேட் நிறுவனம், 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'ஸ்டெல்த்' என்ற பெயரில் ஒரு டிரைவர் வரிசையை வெளியிட்டபோது, அதன் அடிப்படை வகை ஏறத்தாழ 580 டாலருக்கும், 'ஸ்டெல்த் பிளஸ்' என்ற மேல்வகை ஏறத்தாழ 600 டாலருக்கும் விற்கப்பட்டன. இவ்வளவு பணம் கொடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டால், விளம்பரங்கள் கூடுதல் வேகம், கூடுதல் தொலைவு என்று சொல்லும். ஆனால் மட்டையின் நட்டநடுவில் பட்ட பந்து அடையக்கூடிய வேகத்துக்கு ஆட்டத்தின் விதிநூல் வெகுகாலம் முன்பே உச்சவரம்பு கட்டிவிட்டது என்பதால், அந்த விடையை அப்படியே ஏற்பதற்கில்லை.

இந்த வரம்பு ஏன் வந்தது என்பதை அறிய டிரைவரின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் டிரைவரின் தலை பெர்சிம்மன் என்ற மரத்தில் கடையப்பட்டது. நம் கருங்காலியின் பேரினத்தைச் சேர்ந்த இம்மரம் அடர்த்தியும் உறுதியும் உடையது என்றாலும், உள்ளே குடைந்து வெற்றிடம் ஆக்க இயலாத கட்டை என்பதால், தலையின் பருமனைக் கூட்டினால் எடையும் கூடவே ஏறிவிடும். 1979இல் கேரி ஆடம்ஸ் என்பவர் தொடங்கிய டெய்லர்மேட் நிறுவனம், உள்ளீடற்ற எஃகுத் தலையுடன் கூடிய டிரைவரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1991இல் கேலவே நிறுவனம், முதல் உலகப்போரின் ஜெர்மானியப் பீரங்கி ஒன்றின் பட்டப்பெயரைச் சூட்டி வெளியிட்ட 'பிக் பெர்த்தா', 190 கன சென்டிமீட்டர் அளவுள்ள எஃகுத் தலையைக் கொண்டிருந்தது. அன்று அதுவே பெரிதாகத் தோன்றியது. நான்கு ஆண்டுகளில் அதே நிறுவனம் எஃகை விட்டு டைட்டேனியத்துக்கு மாறியது. எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.8 கிராம், டைட்டேனியக் கலவையின் அடர்த்தி 4.4 கிராம்தான். ஆகவே அதே எடைக்குள் தலையைப் பெரிதாக்கவும், பந்தில் மோதும் பரப்பான முகத்தை மெல்லியதாக்கவும் முடிந்தது. முகம் மெலிந்தபோது, பந்து மோதும் கணத்தில் அது உள்வாங்கி மீண்டும் வெளியே தள்ளத் தொடங்கியது.

இந்த உள்வாங்கித் தள்ளும் இயல்பை அளப்பதற்கு இயற்பியலில் மீட்சிக் குணகம் என்ற அளவு உண்டு. மோதும் இரு பொருள்கள் பிரியும் வேகத்தை, அவை நெருங்கிய வேகத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே அது. வேகம் சிறிதும் இழக்கப்படாத மோதலில் அது 1 ஆகவும், ஒட்டிக்கொண்டுவிடும் மோதலில் சுழியாகவும் இருக்கும். அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ 1998இல் இந்த எண்ணுக்கு வரம்பு விதித்து, சோதனைப் பிழைக்கான சலுகையையும் சேர்த்து 0.83ஐத் தாண்டக்கூடாது என்றது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசிலிருந்து உலகின் மற்றப் பகுதிகளுக்கு விதி வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பும் 2008 முதல் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே வரம்பை நடைமுறைப்படுத்தியது. இன்று சோதனை நடப்பது இன்னும் எளிய முறையில்: சிறு ஊசல் ஒன்றில் தொங்கும் உலோகக் குண்டை மட்டையின் முகத்தில் மோதவிட்டு, இரண்டும் எத்தனை மைக்ரோவிநாடி தொட்டுக்கொண்டிருந்தன என்று அளக்கிறார்கள். முகம் எவ்வளவுக்கு இளகி வளைகிறதோ அவ்வளவுக்குத் தொடுநேரம் நீளும். வரம்பு 239 மைக்ரோவிநாடி, சலுகை 18, ஆக 257ஐத் தாண்டிய தலை போட்டிக்கு ஆகாது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு யாரும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விதிப்படி பந்தின் நிறை 45.93 கிராமுக்கு மிகக்கூடாது. டிரைவர் தலையின் நிறை ஏறத்தாழ 200 கிராம். மோதலுக்குப் பின் பந்தின் வேகம் தலையின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை அறிய, ஒன்றுடன் மீட்சிக் குணகத்தைக் கூட்டிக் கிடைக்கும் 1.83ஐ, ஒன்றுடன் பந்து நிறைக்கும் தலை நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கூட்டிக் கிடைக்கும் 1.23ஆல் வகுக்க வேண்டும். விடை 1.49. ஆட்டக்காரர்கள் ஸ்மாஷ் ஃபாக்டர் என்று சொல்லும் எண் இதுவே. மணிக்கு 100 மைல் வேகத்தில் சுழலும் தலை, தன் நடுவில் பட்ட பந்தை ஏறத்தாழ 149 மைல் வேகத்தில் அனுப்பும். 600 டாலர் மட்டையானாலும், நன்றாகச் செய்யப்பட்ட பழைய மட்டையானாலும் இதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. தயாரிப்பாளர்கள் இந்த வரம்பை எவ்வளவு நெருங்கி நிற்கிறார்கள் என்பதற்கு டெய்லர்மேட் 2019இல் கையாண்ட முறை ஒரு சான்று. அந்த ஆண்டின் மட்டைகளில் முகங்களை வரம்புக்கு மேலேயே வேகமுள்ளவையாகச் செய்து, பின்னர் ஒவ்வொரு தலையினுள்ளும் பிசினைச் செலுத்தி, வரம்புக்குள் இறங்கும் வரை அடக்கினார்கள்.

விளிம்பில் நிற்பவை சில வேளைகளில் தவறி விழவும் செய்கின்றன. ஆயிரக்கணக்கான அடிகளை வாங்கிய முகம் மெல்ல மெல்ல இளகி, புதிதாக இருந்தபோது தேறிய சோதனையில் பிறகு தோற்றுவிடக்கூடும். 2019இல் வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ்ஷில் நடந்த ஓப்பன் போட்டியில் ஷாண்டர் ஷாஃப்லேயின் டிரைவர் இப்படித் தோற்றது. 2025 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ரோரி மெக்கில்ராயின் டிரைவரும் தோற்றது. அதே வாரத்தில் தம் டிரைவரும் தேறவில்லை என்று பட்டம் வென்ற ஸ்காட்டி ஷெஃப்லர் வெளிப்படையாகச் சொன்னார். மாற்று டிரைவரைக் கொண்டே அவர் வென்றார் என்பது, வரம்புக்கு உட்பட்ட முகத்துக்கும் வரம்பைச் சற்றே கடந்த முகத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதைக் காட்டுகிறது.

நடுவில் வேகத்தைக் கூட்ட வழியில்லை என்றான பின், வடிவமைப்பாளர்களின் கவனம் நடுவைத் தவறவிட்ட அடிகளின்மேல் திரும்பியது. இங்கும் விதிகள் நான்கு புறமும் வேலி கட்டியிருக்கின்றன. தலையின் பருமன் 460 கன சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. மட்டையின் நீளம் 48 அங்குலத்துக்கு மிகக்கூடாது. 2022 முதல் உயர்நிலைப் போட்டிகளை நடத்துவோர் விரும்பினால் அதை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம். தலையின் நிலைமத் திருப்புத்திறன் 5,900 அலகைத் தாண்டக்கூடாது. எடைக்கு விதி எதுவும் இல்லை. ஆனால் மனித உடலே அங்கே வரம்பு. தலை கனத்தால் சுழற்றும் வேகம் குறையும், இலேசானால் மோதலின் வலு குறையும் என்பதால், எல்லா நிறுவனங்களும் சுற்றிச்சுற்றி 200 கிராமுக்கே வந்து சேர்கின்றன. ஆகவே ஓர் உயர்விலை டிரைவரை மதிப்பிடுவது என்பது, பெரும்பாலும் அந்த 200 கிராம் எங்கெங்கே செலவிடப்பட்டிருக்கிறது, அந்தச் செலவு வாங்குபவரின் தவறுகளுக்கு உதவுகிறதா என்று பார்ப்பதுதான்.

நிலைமத் திருப்புத்திறன் என்பது, ஒரு பொருள் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித் திருகப்படுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு. கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடி நீண்ட மூங்கிலைக் குறுக்காகப் பிடித்திருப்பது இதற்காகத்தான். எடை மையத்திலிருந்து விலகியிருக்கும் அளவுக்கு உடல் சட்டென்று சாய்வதில்லை. டிரைவரின் தலையில் பந்து நடுவை விட்டு ஓரத்தில் பட்டால், தலை திருகிக்கொண்டு வேகத்தையும் திசையையும் ஒருசேர இழக்கிறது. அதைத் தடுக்க எடையை மையத்திலிருந்து தள்ளி வைக்க வேண்டும். இதில் தொலைவு இருமடி விகிதத்தில் வேலை செய்கிறது: ஈர்ப்பு மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் முன்னால், முகத்தில் இருக்கும் 10 கிராம், அந்த எதிர்ப்புக்கு 160 அலகு சேர்க்கிறது என்றால், அதே 10 கிராமை எடுத்து 8 சென்டிமீட்டர் பின்னால் கொண்டுபோய் வைத்தால் 640 அலகு கிடைக்கும். வரம்பே 5,900 என்கிறபோது இது சிறிய லாபம் அன்று. 2024இல் பிங், டெய்லர்மேட் ஆகிய இரு நிறுவனங்களும் '10கே' என்று விளம்பரப்படுத்திய மட்டைகள், கிடைமட்டத் திருகலையும் மேல்கீழ்த் திருகலையும் தனித்தனியே அளந்து கூட்டி 10,000 என்ற எண்ணைக் காட்டின; விதி கட்டுப்படுத்துவது அவற்றுள் ஒன்றை மட்டுமே என்பதைத் துண்டறிக்கை படிப்பவர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டெல்த் டிரைவரின் புதுமை இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. டிரைவரின் மேற்கூரையைக் கார்பன் இழையால் செய்வது ஏற்கெனவே வழக்கத்துக்கு வந்திருந்தது. யோனெக்ஸ் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் 1980களிலேயே கார்பன் தலைகளைச் செய்து பார்த்தன. ஆனால் மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில், அரை மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் முழு மோதலையும் தாங்க வேண்டிய முகத்தை, டைட்டேனியத்தை நீக்கிக் கார்பனாலேயே செய்து பெரும் சந்தைக்குக் கொண்டுவந்தது துணிச்சலான முடிவுதான். பிசினில் தோய்ந்த கார்பன் இழைத் தாள்களை, இழைகளின் திசை மாறிமாறி வருமாறு 60 அடுக்குகளாக அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒரே தகடாக இறுக்கியிருக்கிறார்கள். கார்பன் கலவையின் அடர்த்தி ஏறத்தாழ 1.6 கிராம், எனவே அதே அளவுள்ள டைட்டேனிய முகத்தைவிட இது 40 சதவீதம் இலேசானது என்று நிறுவனம் கூறுகிறது. மிச்சமான கிராம்கள், தலையின் பின்புறத்தில் வால் போலச் சற்றே கோணி நீண்ட ஒரு மேட்டின் முனைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2020இல் இந்நிறுவனத்தின் 'சிம்' வரிசையில் அறிமுகமான அந்தக் கோணல் மேடு, மட்டை கீழிறங்கும் பாதையில் காற்று தலையைச் சாய்வாகவே தழுவிச் செல்கிறது என்பதைக் கணக்கில் எடுத்து வடிக்கப்பட்டது. காற்றுத் தடையைக் குறைப்பது அதன் ஒரு வேலை, எடையைப் பின்னே நிறுத்துவது மற்றொன்று.

கார்பன் முகத்துக்கே உரிய ஒரு குறையும் உண்டு. அதன் மேற்பரப்பு வழவழப்பானது. பனியிலோ மழையிலோ நனைந்தால் பந்து வழுக்கி, சுழற்சி எதிர்பாராமல் மாறிவிடக்கூடும். ஆகவே நுண்ணிய சொரசொரப்புடன் கூடிய பாலியூரித்தேன் உறை ஒன்றை முகத்தின்மேல் போர்த்தியிருக்கிறார்கள். அந்த உறையும் சில கிராம் எடை உள்ளதுதான் என்பதால், டைட்டேனியத்தை நீக்கிச் சேமித்ததில் ஒரு சிறு பங்கு இங்கே திரும்பச் செலவாகிறது. முகம் இலேசானதால் பந்துக்கு ஆற்றல் கூடுதலாகக் கடத்தப்படுகிறது என்ற வாதத்தைவிட, முகம் இலேசானதால் எடையை வேண்டிய இடத்தில் வைக்க முடிகிறது என்ற வாதமே இந்த மட்டைக்கு வலுவான ஆதரவு. முதலாவதை விதி பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது.

டிரைவரின் முகம் தட்டையானது அன்று என்பது பலரும் கவனிக்காத செய்தி. தண்டோடு சேரும் ஹீல் பக்கத்திலிருந்து எதிர்முனையான டோ பக்கம் வரையிலும், மேலிருந்து கீழ் வரையிலும் அது மெல்லப் புடைத்திருக்கிறது. டோ பக்கத்தில் பந்து பட்டால் தலை ஒரு திசையில் திருக, முகத்தோடு உரசி நிற்கும் பந்து, பற்சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் சுழற்றுவதுபோல் எதிர்ச்சுழற்சி பெற்று, வலக்கை ஆட்டக்காரருக்கு இடப்புறம் வளைகிறது. முகம் புடைத்திருப்பதால் அந்தப் பந்து சற்று வலப்புறமாகப் புறப்படுகிறது. பிறகு வளைந்து நடுவுக்குத் திரும்புகிறது. ஹீல் பக்கத்து அடிக்கு இதன் மறுதலை. மேற்பகுதியில் பட்ட பந்து குறைந்த சுழற்சியோடு உயரமாகவும், கீழ்ப்பகுதியில் பட்டது மிகுந்த சுழற்சியோடு தாழ்வாகவும் புறப்படுகின்றன. டெய்லர்மேட் 2018 முதல் கையாளும் 'ட்விஸ்ட் ஃபேஸ்' என்ற முறுக்கிய முகம் இந்தப் பழைய புடைப்பின் திருத்தமே: சாதாரண ஆட்டக்காரர்கள் மிகுதியாகத் தவறவிடும் மேல் டோ மூலையைச் சற்றே திறந்தும், கீழ் ஹீல் மூலையைச் சற்றே மூடியும் வைத்திருக்கிறார்கள். இதன் பயன் ஓர் ஆட்டக்காரரின் தவறுகள் அந்த மூலைகளில் விழுகின்றனவா என்பதைப் பொறுத்தது. விழாதவருக்கு இது வெறும் பெயர்.

தோற்றம் என்பது மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளத் தகாத அற்ப விஷயம் என்று கருதுவோர் உண்டு. ஆனால் பந்தின் முன் நின்று குனிந்து பார்க்கும் ஆட்டக்காரரின் கண்ணுக்குத் தெரிவது மட்டையின் மேற்புறமும் முகத்தின் மேல்விளிம்பும் மட்டுமே. முகத்தைத் திசைக்கு நேராக வைப்பதற்கு அவருக்கு வேறு துணை இல்லை. முகம் ஒரு பாகை விலகினால், 250 கெஜத் தொலைவில் பந்து புறப்பட்ட கோடு மட்டுமே நான்கு கெஜத்துக்கு மேல் விலகியிருக்கும். அதன் பிறகு வளைவு தனி. 2011இல் டெய்லர்மேட் தன் 'ஆர் 11' டிரைவரின் மேற்புறத்தை வெள்ளையாகவும் முகத்தைக் கறுப்பாகவும் செய்ததற்கு, விளிம்பு பளிச்சென்று பிரிந்து தெரிவதும் வெயிலில் கண் கூசாததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஸ்டெல்த் இதைத் தலைகீழாக்கிப் பளபளக்கும் கரிய மேற்புறத்தையும் சிவந்த முகத்தையும் கொண்டு வந்தது. பந்தின் முன் நிற்கும்போது அந்தச் சிவப்பு ஒரு மெல்லிய கீற்றாகத்தான் தெரிகிறது. கடையின் அலமாரியிலும் தொலைக்காட்சித் திரையிலும்தான் அது முழுமையாகப் பளிச்சிடுகிறது. அந்த நிறம் விற்பனைக்கு உதவிய அளவுக்கு ஆட்டத்துக்கு உதவியதாகச் சொல்ல முடியாது. 2007இல் கேலவேயும் நைக்கியும் எடையை மூலைகளுக்குத் தள்ளச் சதுர வடிவத் தலைகளைச் செய்தபோது, கணக்குப்படி அவை நல்ல மட்டைகளாகவே இருந்தன. ஆனால் ஆட்டக்காரர்களின் கண் அந்தச் சதுரத்தை ஏற்க மறுத்ததால் அவ்வடிவம் சில ஆண்டுகளில் மறைந்தது.

ஓசையின் நிலையும் இதுவே. கைக்கு நன்றாக உணர்ந்தது என்று ஆட்டக்காரர் சொல்வதில் பெரும்பகுதி காது கொடுத்த செய்தி. மெல்லிய டைட்டேனியக் கூடு உச்சத் தொனியில் கணீரென்று ஒலிக்கும். கார்பன் அதிர்வை விரைவில் அடக்கிவிடுவதால் ஸ்டெல்த்தின் ஒலி தாழ்ந்து, மரத்தலைக் காலத்தை நினைவூட்டும் அளவுக்குச் சற்றே மந்தமாக இருக்கிறது. பழகியவர்கள் இதை உறுதியான ஒலி என்பார்கள். உலோக ஒலிக்குப் பழகிய காதுக்கு, நன்றாகப் பட்ட அடியும் பட்டும் படாததுபோல் தோன்றலாம். தலையினுள்ளே சிறு விலா எலும்புகள் போன்ற தடுப்புகளை அமைத்து ஓசையைத் திருத்துவது எல்லா நிறுவனங்களுக்கும் பழக்கம். ஆனால் அந்தத் தடுப்புக்குக் கொடுத்த ஒவ்வொரு கிராமும் பின்புற எடையிலிருந்து எடுக்கப்பட்டதே.

ஸ்டெல்த் வரிசையில் மூன்று வகைகள் உண்டு. நடுவிலுள்ள சாதாரண ஸ்டெல்த், எடையைப் பின்னே வைத்துத் தவறுகளைப் பொறுத்துக்கொள்கிறது. எச்டி என்ற வகை எடையை ஹீல் பக்கம் சாய்த்து, வலப்புறம் வளைந்தோடும் ஸ்லைஸ் என்ற பொதுநோயால் துன்பப்படுவோருக்கு உதவுகிறது. விலை மிகுந்த பிளஸ், முகத்துக்கு அருகே 10 கிராம் எடை ஒன்றை இருபுறமும் நகர்த்திக்கொள்ளும் தண்டவாளம் கொண்டது. எடை முன்னால் இருப்பதால் பந்தின் பின்சுழற்சி குறைகிறது. ஷெஃப்லர் 2022இல் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றபோது பயன்படுத்தியது இந்த வகையே. அதிக விலையுள்ளதே அதிகம் பேருக்கு ஏற்றது என்ற எண்ணம் இங்கே பிழையாகிறது. பின்சுழற்சிதான் பந்தைக் காற்றில் தூக்கி நிறுத்துகிறது. வேகம் குறைந்த ஆட்டக்காரரிடம் அதையும் பறித்துவிட்டால் பந்து முன்னதாகவே தரையில் விழும்.

இதை விளங்கிக்கொள்ள டென்மார்க்கின் டிராக்மேன் நிறுவனம் ரேடார் கொண்டு அளந்து வெளியிட்ட சராசரிகள் உதவும். அவற்றுள் பரவலாக அறியப்பட்ட ஒரு தொகுப்பின்படி, அமெரிக்காவின் ஆண் தொழில்முறை ஆட்டக்காரர்களின் டிரைவர் தலை மணிக்கு 113 மைல் வேகத்தில் சுழன்று, பந்தை 10.9 பாகைக் கோணத்தில் அனுப்ப, அது 275 கெஜம் பறந்து விழுகிறது. பெண் தொழில்முறை ஆட்டக்காரர்களின் வேகம் 94 மைல், எறிகோணம் 13.2 பாகை, பறக்கும் தொலைவு 218 கெஜம். சுழற்சி இரு சாராருக்கும் நிமிடத்துக்கு 2,600 சுற்றை ஒட்டியே இருக்கிறது. ஆண்கள் சராசரியாகச் சற்றே கீழ்நோக்கியும் பெண்கள் 3 பாகை மேல்நோக்கியும் பந்தைச் சந்திக்கிறார்கள் என்பது இந்தக் கோண வேறுபாட்டுக்கு முக்கியக் காரணம். பொழுதுபோக்காக ஆடும் ஆண்களுள் பெரும்பாலோரின் வேகம் அந்தப் பெண்களின் வேகத்தைத்தான் நெருங்கியிருக்கும். ஆனால் கடையில் அவர்கள் கேட்டு வாங்குவதோ 113 மைல் வேகத்துக்கு ஏற்ற மட்டையை. லாஃப்ட் என்று சொல்லப்படும் முகத்தின் சாய்வில் ஸ்டெல்த் 9, 10.5, 12 பாகைகளில் கிடைத்தது. பன்னிரண்டைத் தொடவே கூசுகிற ஆண்மைப் பெருமிதம் பல கெஜங்களை விழுங்கியிருக்கும்.

தண்டு எனப்படும் ஷாஃப்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கார்பன் இழையால் ஆன இது, ஏறத்தாழ 40 கிராம் முதல் 70 கிராமுக்கு மேற்பட்ட எடையிலும், வளையும் தன்மையில் பெண்களுக்கானது, மூத்தோருக்கானது, ரெகுலர், ஸ்டிஃப், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப் என்ற படிகளிலும் வருகிறது. இந்தப் படிகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒருவரின் ரெகுலர் இன்னொருவரின் ஸ்டிஃப் ஆக இருக்கலாம். எனவே இரண்டு தலைகளை ஒப்பிடும்போது ஷாஃப்டும் மாறியிருந்தால், எதனால் எது நடந்தது என்று யாராலும் சொல்ல இயலாது.

செயல்திறனை அளக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று இயந்திரம்: 1960களில் உருவாகி, சீரான அடிக்குப் பெயர்பெற்ற பைரன் நெல்சனின் பெயரால் 'அயர்ன் பைரன்' என்று அழைக்கப்பட்ட இயந்திரக் கையும் அதன் வழித்தோன்றல்களும், முகத்தின் எந்தப் புள்ளியிலும் பந்தை மீண்டும் மீண்டும் ஒரே மாதிரி மோதவைக்க வல்லவை. முகத்தின் நடுவிலும், டோ பக்கத்திலும், ஹீல் பக்கத்திலும், மேலும் கீழும் தனித்தனியே அடித்து, வேகம் எவ்வளவு குறைகிறது, பந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பதற்கு இதைவிட நேர்மையான முறை இல்லை. ஆனால் இயந்திரத்துக்குக் கண்ணும் காதும் இல்லாததால், மட்டையின் தோற்றத்தைக் கண்டு தயங்குவதோ ஓசையைக் கேட்டு அடுத்த அடியில் முறையை மாற்றிக்கொள்வதோ அதனிடம் இல்லை. வாங்குபவருக்கு இரண்டும் உண்டு என்பதால், இரண்டாவது வழி, அதாவது பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் என்ற கருவியின் முன் அவரே அடித்துப் பார்ப்பது, தவிர்க்க முடியாதது.

அங்கேதான் பெரும்பாலான மதிப்பீடுகள் கெட்டுப்போகின்றன. பழைய மட்டையால் உடல் சூடேறாத நிலையில் பத்துப் பந்தும், பிறகு புதிய மட்டையால் பத்துப் பந்தும் அடித்தால், புதியது வெல்லுவதில் வியப்பில்லை. முழுதாகக் களைத்த பின் அடித்தால் தோற்பதிலும் வியப்பில்லை. இரண்டு மூன்று பந்துகளுக்கு ஒருமுறை மட்டைகளை மாற்றி மாற்றி அடிப்பதும், பயிற்சித் திடலின் தேய்ந்த பந்துகளைத் தவிர்த்து ஆட்டத்தில் பயன்படுத்தும் அதே பந்தைக் கொண்டு அடிப்பதும், முகத்தின்மேல் பாதங்களுக்கான வெண்பொடித் தெளிப்பைப் பூசிக்கொண்டு ஒவ்வொரு பந்தும் எங்கே பட்டது என்ற அடையாளத்தைப் பார்ப்பதும் செலவில்லாத திருத்தங்கள். பொடியில் பதிந்த வட்டங்கள் ஓர் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லும் செய்தியைத் திரையின் எண்கள் சொல்வதில்லை. ஹீலை ஒட்டியே வட்டங்கள் குவிந்திருந்தால், தலையை மாற்றுவதற்கு முன் ஷாஃப்டின் நீளத்தையோ நிற்கும் தொலைவையோ மாற்றிப் பார்ப்பது மலிவு. கெட்ட அடிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடும் வழக்கமும் கைவிடப்பட வேண்டியது. உயர்விலை மட்டையின் தகுதி முழுவதும் கெட்ட அடிகளில்தான் இருக்கிறது. மணிக்கு 95 மைல் வேகமுள்ள ஒருவரின் ஸ்மாஷ் ஃபாக்டர் 1.49லிருந்து 1.42க்கு இறங்கினால் பந்தின் வேகத்தில் ஆறு மைலுக்கு மேல் போய்விடும். ஒரு மைலுக்கு இரண்டு கெஜம் என்ற நடைமுறைக் கணக்கில் அது பன்னிரண்டு, பதின்மூன்று கெஜம். ஒரு மட்டை இந்த இழப்பைப் பாதியாக்கினால் அதற்குக் கொடுத்த விலைக்குப் பொருள் உண்டு. ஆகவே பார்க்க வேண்டியது மிகத் தொலைவில் விழுந்த ஒரே பந்தை அன்று, மொத்தப் பந்துகளும் எவ்வளவு அகலத்திலும் எவ்வளவு நீளத்திலும் சிதறிக் கிடக்கின்றன என்பதையே.

எண்களை எங்கே எடுத்தார்கள் என்பதும் முக்கியம். கடல்மட்டத்தை ஒட்டிய சென்னை கிண்டியில் பறந்த பந்தும், 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உதகையிலோ கொடைக்கானலிலோ பறந்த பந்தும் ஒன்றல்ல. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், கோடை விடுமுறையில் மலையில் அடித்துப் பார்த்து மகிழ்ந்த கூடுதல் கெஜங்கள் மட்டையின் பெருமை ஆகா. தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் உள்ள திருகு அமைப்பைக் கொண்டு ஸ்டெல்த்தின் லாஃப்டை இரண்டு பாகை வரை ஏற்றவோ இறக்கவோ முடியும். ஆனால் ஏற்றும்போது முகம் இடப்புறம் மூடிக்கொள்வதும் இறக்கும்போது திறந்துகொள்வதும் கூடவே நிகழ்கின்றன. திசை கோணிவிட்டதற்கு மட்டையைப் பழிப்பவர்களுள் சிலர் முதல் நாளில் அந்தத் திருகைத் தொட்டவர்களாக இருப்பார்கள்.

ஸ்டெல்த்துக்கு மறு ஆண்டே ஸ்டெல்த் 2 வந்தது. 2024இல் முகத்தின் சிவப்பு நீலமாகி க்யூஐ 10 என்ற பெயர் வந்தது. 2025இல் க்யூஐ 35. ஒவ்வொரு புது வரவின்போதும் முந்தையதன் விலை இறங்குகிறது. ஆனால் தொடுநேர வரம்பும் பருமன் வரம்பும் அசையாமல் நிற்பதால், ஓராண்டில் முன்னேற்றம் நிகழக்கூடிய இடம் மிகக் குறுகியது. எனவே இரண்டு ஆண்டுப் பழைய உயர்விலை டிரைவரைத் தமக்கேற்ற ஷாஃப்டுடன் வாங்குபவர் நட்டப்பட்டதாகச் சொல்ல முடியாது. அப்படி வாங்குகிறவர் முகத்தின் பாலியூரித்தேன் உறை உரிந்திருக்கிறதா, மேற்புறத்தின் விளிம்பில் டீ முளை பட்டுக் கார்பன் சிதைந்திருக்கிறதா என்று பார்ப்பதும், பெயர்பெற்ற மட்டைகளுக்குப் போலிகள் மிகுதி என்பதால் வரிசை எண்ணைச் சரிபார்ப்பதும் வேண்டும். ஷாஃப்டை முந்தைய உரிமையாளர் வெட்டியிருக்கிறாரா என்பதை அளவு நாடாவால் அறியலாம். அரை அங்குலம் வெட்டப்பட்டிருந்தாலும் சுழற்றும்போது தலை இலேசாகிவிட்டது போல் கை உணரும், அந்த உணர்வை ஈடுகட்டத் தலையில் ஏறத்தாழ 6 கிராம் சேர்க்க வேண்டியிருக்கும்.